முந்நூற்று நாற்பத்தொன்றாம் நாள்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நாட்குறிப்பு கம்பெனி கொடுத்தது. போன வருடத்துடையது. தேதியை அடித்துத் திருத்திக்கொள்ளச் சொன்னார் மேனேஜர் தண்டபாணி.

"நீ பிளஸ் டூ பாஸு. கையெழுத்தும் நல்லாருக்குது. பாதுகாப்புக் குழுவுல உன்ற பேரைப் போட்டாச்சு, வசந்தாமணி. தெனமும் ரெண்டு வரி எழுது. ஆடிட்டுக்கு வாரவங்க கேட்டா காட்டோணும்" என்றார்.

அவருக்குக் காட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டேன். அதில் "இன்று தரை சுத்தமாக உள்ளது" என்று எழுதுகிறேன். இது எனக்கு.

எங்கள் பட்டறை கோவை கணபதியில் இருக்கிறது. தண்ணீர் மோட்டாருக்குள் அடுக்கும் இரும்புத் தகடுகளைப் பிரஸ்ஸில் வெட்டுகிறோம். பத்து பிரஸ், அறுபத்திரண்டு பேர். பிரஸ் வரிசைக்கு நான் லைன் லீடர். கேட்டுக்குள் நுழைந்ததும் பச்சைப் பலகை: "விபத்து இல்லாத நாட்கள்". இன்று 327. 365 வந்தால் ஆளுக்கொரு டேபிள் டாப் கிரைண்டர் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

போன வாரம் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். "இந்தக் கம்பெனி உங்கள் கம்பெனி. ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் மிஷினை நிறுத்தலாம்" என்றார். ஏழாம் பிரஸ் மாரக்காள் எழுந்து, "நிறுத்துனா கூலியையும் நிறுத்துவீங்களாங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பயிற்சிக்காரரும் சிரித்துவிட்டு, ஆளுக்கொரு பேட்ஜ் குத்திவிட்டார்.

ராத்திரிச் சமையலுக்குத் தட்டைப்பயறு ஊறப்போட்டேன். வீட்டுக்காரரின் சைக்கிள் கடையில் கிடந்த பழைய ட்யூபில் பன்னிரண்டு வளையம் வெட்டினேன். பிரஸ்ஸுக்கு வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

நாலாம் பிரஸ் ஒரு தடவை அழுத்தினால் சில சமயம் இரண்டு தடவை அடிக்கிறது. மேனேஜரிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். ஏப்ரலிலும் இதையே சொன்னேன், அவரும் இதையேதான் சொன்னார்.

ஜூன் 9, திங்கள்

இன்று வரிசையின் மொத்தம் ஐம்பத்தோராயிரம் தகடு. முதலாளி கை தட்டினார்.

பிரஸ்ஸைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிரஸ்ஸிலும் இரண்டு பொத்தான், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து தகட்டை வெட்டும் அச்சு இறங்கும். அச்சு இறங்கும் நேரத்தில் இரண்டு கையும் பொத்தானில் இருக்க வேண்டும், அச்சுக்கு அடியில் இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. சின்னக் குழந்தைக்கு ஊசி போடும்போது அம்மா இரண்டு கையையும் பிடித்துக்கொள்வாளே, அது மாதிரி.

ஆனால் அப்படி ஓட்டினால் ஒரு ஆளுக்கு நாலாயிரம்தான் தேறும். கேட்பது ஐயாயிரம். அதனால் இடது பொத்தானின் மேல் ஒரு ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டிவிடுவார்கள். பொத்தான் அழுந்தியபடியே இருக்கும். வலது கை அழுத்த, இடது கை தகட்டை வைத்து எடுக்கும். எல்லாப் பட்டறையிலும் உள்ள பழக்கம்தான். யாரும் யாரையும் செய்யச் சொல்வதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் பலகை 341. மாலையிலும் 341.

ஜூன் 18, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

பத்தே முக்கால் இருக்கும். நாலாம் பிரஸ்ஸில் பிரமிளா. அழுத்தினாள், அச்சு இறங்கி ஏறியது. இடது கையைவிட்டுத் தகட்டை எடுக்கப் போனாள். அச்சு தானாக மறுபடி இறங்கியது. அவள் கத்தவில்லை. "மணியக்கா" என்று என்னைத்தான் கூப்பிட்டாள், மெதுவாக, ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரி.

ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது.

யாரோ துண்டைக் கொண்டுவந்தார்கள். பக்கத்து பிரஸ் பிகாஷ், ஒடிசாக்காரப் பையன், கரண்டை அணைத்தான். மேனேஜர் வந்து பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு கேட் பக்கம் திரும்பிப் பலகையைப் பார்த்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நாங்கள்தான். "இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனா எழுதீருவாங்க" என்று ஒருத்தி. "இன்னும் இருவத்தி நாலு நாள்தானுங்க" என்று இன்னொருத்தி. பிரமிளாவே, துண்டைச் சுற்றிய கையோடு, "என்னால யாருக்கும் போக வேண்டாங்க்கா, தனியார்லயே காட்டிக்கலாம்" என்றாள்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து நான்தான் கூட்டிப்போனேன். கிளினிக்கில் டாக்டர் என்ன ஆயிற்று என்று கேட்டார். வீட்டுக் கதவில் நசுங்கிவிட்டது என்று சொன்னோம்.

டாக்டர் காயத்தைப் பார்த்தார். "என்ன கதவும்மா அது?" என்றார்.

சொன்னோம் என்று மேலே எழுதியிருக்கிறேன். பிரமிளா பேசும் நிலையில் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

பிரமிளா வீட்டுக்கு ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போனேன். அவள் புருஷன் டெம்போ ஓட்டுகிறார். என்னிடம் முகம் கொடுக்கவில்லை. அவள் மட்டும் சிரித்தாள்.

"இல்லாத விரலு அரிக்குதுங்க்கா. சொறியலாம்னு பாத்தா ஆளைக் காணோம்."

வலியில் ஜோக் அடிக்கிறவர்களிடம் என்ன பேசுவது? பாத்திரம் கழுவிவைத்துவிட்டு வந்தேன். என் வீட்டில் துணி துவைக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

பிரமிளா கட்டுப்போட்ட கையோடு வந்தாள். பேக்கிங்கிலாவது வேலை கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

மேனேஜர் நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். எல்லாம் மரியாதையாகத்தான். பிறகு, "ஏம்மா, வீட்டுல கதவுல நசுங்குனதுக்குக் கம்பெனி என்னம்மா பண்ணும்? நல்லாக் கொணமாகி வா, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

"கதவு இல்லீங்க சார், நாலாம் பிரஸ்ஸுங்க. நீங்களும் பாத்தீங்க."

"டாக்டர் சீட்டுல அப்பிடித்தான எழுதியிருக்குது?"

பிரமிளா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையில் அடிபட்டது என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால்தான் இ.எஸ்.ஐ.யில் அவளுக்கு ஆயுசுக்கும் உதவித்தொகை கிடைக்கும். எழுதாவிட்டால் அவள் கதவில் கையை நசுக்கிக்கொண்ட ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

நாலாம் பிரஸ்ஸில் இப்போது ரேணுகா என்ற புதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். இடது பொத்தானில் வளையம் இருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

கடையில் இவர் ஒரு ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு பழைய ட்யூபையும் கத்திரியையும் எடுத்தேன்.

"எத்தன வெட்டோணும்?" என்று கேட்டார். "பன்னெண்டு" என்றேன். ஒட்டிய இடத்தை அமுக்கிக்கொண்டே, "அந்தப் புள்ள பிரஸ்ஸுல இருந்ததும் நம்ம ட்யூபுதானா மணி?" என்றார்.

நான்கு வருடமாக அந்த வரிசைக்கு வளையம் வெட்டி எடுத்துப்போவது நான். முன்பு துணி கட்டுவார்கள், அவிழ்ந்துவிடும். ரப்பர் அவிழாது என்று கண்டுபிடித்ததும் நான். அந்த மாதம்தான் என்னை லைன் லீடர் ஆக்கினார்கள். ஜூன் ஒன்பதாம் தேதி எழுதியதில் "மாட்டிவிடுவார்கள்" என்று எழுதியிருக்கிறேன். "வெட்டிக் கொடுப்பேன்" என்று எழுதியிருக்க வேண்டும்.

கத்திரியை வைத்துவிட்டேன். இவர் அந்தப் பழைய ட்யூபை எடுத்துக் குப்பையில் போட்டார்.

ஜூலை 2, புதன்

சாப்பாட்டு நேரத்தில் பேசினேன். நடந்ததை நடந்தபடி எழுதி முதலாளிக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் அனுப்பப்போகிறேன், பலகை பூஜ்யத்துக்குப் போகும், கிரைண்டர் கிடைக்காது என்று சொன்னேன்.

ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த மாரக்காள் கரண்டியை வைத்தார்.

"ஏன்டி மணி, கதவுன்னு சொன்னது யாரு?"

"நான்தானுங்க்கா."

"ரப்பரு கொண்டாந்தது?"

"நான்தான்."

"அப்ப உன்ற பாவத்தைக் கழுவ என்ற கிரைண்டரா கெடச்சுது? என்ற மக சீமந்தத்துக்குக் குடுக்கலாம்னு இருந்தேன். ஆளைப் பாரு, லீடராமா லீடரு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் என்னைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். ரேணுகா மட்டும் மெதுவாக, "நாலாம் பிரஸ்ஸு நேத்து எனக்கும் ரெண்டு அடி அடிச்சுதுங்க்கா" என்றாள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மாரக்காள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. பரீட்சையில் காப்பி அடிக்கச் சொல்லிக் கொடுத்தவளே திடீரென்று எழுந்து ஹெட்மாஸ்டரிடம் போகிறேன் என்றால் வகுப்பு கோபப்படத்தானே செய்யும்? கோபப்படட்டும். நான் போவேன்.

ஜூலை 3, வியாழன்

காலை ஏழே முக்காலுக்கே போய்ப் பத்து பிரஸ்ஸிலும் வளையங்களைக் கழற்றி டிபன் பைக்குள் போட்டேன். ரேணுகாவை நாலில் உட்கார வேண்டாம் என்று பேக்கிங்குக்கு அனுப்பினேன். எட்டு மணிக்கு வந்தவர்கள் பொத்தானைத் தடவிப் பார்த்துத் திட்டினார்கள். பிகாஷ் மட்டும், "அக்கா, ரெண்டு கை, நல்லது. அம்மாக்கு ரெண்டு கை காட்டணும், ஊர் போனா" என்று உட்கார்ந்துவிட்டான்.

மற்றவர்களும் வேறு வழியில்லாமல் இரண்டு கையால் ஓட்டினார்கள். பட்டறைச் சத்தமே மாறிவிட்டது. அவசரமாக ஓடும் கூட்டம் திடீரென்று நடக்க ஆரம்பித்த மாதிரி இருந்தது.

பதினோரு மணிக்கு மேனேஜர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னாச்சு? ஏன் எல்லாம் இழுத்துட்டிருக்கீங்க?"

"ரெண்டு பொத்தானையும் அழுத்தி ஓட்டறமுங்க சார். சுவத்துல அப்பிடித்தான் எழுதிப் போட்டிருக்குது."

"வளையம் எங்க?"

நான்கு வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது இதுதான் முதல் தடவை. வரிசை முழுவதும் கை நின்றது.

"எந்த வளையமுங்க சார்?"

"தெரியாத மாதிரி நடிக்காத வசந்தாமணி. மாட்டச் சொல்லு."

"சரிங்க சார். வளையம் மாட்டி ஓட்டோணும்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இப்பவே மாட்டறோம்."

பேனாவை நீட்டினேன். நீட்டியபடியே நின்றேன். அவர் அதைப் பார்த்தார். பயிற்சிக்காரர் எல்லோருக்கும் குத்திவிட்ட பேட்ஜ் என் கம்பெனிச் சட்டையில் இருந்தது, "பாதுகாப்பு என் பொறுப்பு" என்று. அதையும் பார்த்தார்.

"நாளைக்கு லோடு போகலீன்னா உன்னையத்தான் கேப்பேன்" என்று போய்விட்டார்.

மாரக்காளின் குரல் பின்னாலிருந்து வந்தது: "எழுதத் தெரியாதாட்ட இருக்குது பாவம்."

இன்று மொத்தம் முப்பத்தைந்தாயிரம். வெறும் ஒன்பது பிரஸ்.

ஜூலை 4, வெள்ளி

இரண்டு கடிதமும் பதிவுத் தபாலில் போட்டேன். பிரமிளாவும் கையெழுத்துப் போட்டாள். வளையம் வெட்டிக் கொடுத்தது நான், கிளினிக்கில் பொய் சொன்னது நான் என்பதை முதல் பத்தியிலேயே எழுதினேன். பின்னால் வைத்தால் மறைத்த மாதிரி இருக்கும்.

தபால் ஆபீஸிலிருந்து வரும் வழியில் சின்ன வெங்காயம் ஒரு கிலோ.

ஜூலை 7, திங்கள்

முதலாளி கூப்பிட்டார். "என்கிட்ட நேர்ல வந்து சொல்லியிருக்கலாமே, வீட்டு விஷயத்தை வெளிய கொண்டுபோலாமா?" என்றார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. பலகையைத் தினமும் பார்த்துப் பார்த்து, பட்டறையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

"பிரமிளா விரல் போனதுங்க. அது வீட்டு விஷயம்னு நாங்க ஒருவாட்டி சொல்லிட்டமுங்க. ரெண்டாவது வாட்டி சொல்ல முடியாதுங்க" என்றேன்.

ஜூலை 9, புதன்

ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசவில்லை. நாலாம் பிரஸ்ஸை ஆளில்லாமல் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பதினாறாவது தடவையில் இரண்டு அடி அடித்தது.

"இது யாருக்கும் முன்னாடி தெரியாதா?"

"யாருமே சொல்லலீங்க மேடம்" என்றார் மேனேஜர்.

டிபன் பையிலிருந்து இந்த நாட்குறிப்பை எடுத்து, ஜூன் 5 பக்கத்தை மட்டும் திறந்து காட்டினேன். வேறு பக்கம் திருப்பாமல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஆய்வாளர் படித்துவிட்டு, "வளையம் யார் கொடுத்தது?" என்று, கடிதத்தில் இருந்ததையே என்னிடம் மறுபடி கேட்டார்.

"நான்தானுங்க."

"இது உங்களுக்கும் பாதகமாத்தான் போகும், தெரியுமா?"

"தெரியுமுங்க. எழுதிக்குங்க."

பிரமிளாவின் பெயரும் தேதியும் விபத்துப் பதிவேட்டில் ஏறின. இடம்: நாலாம் பிரஸ். இ.எஸ்.ஐ.க்குப் போகும் படிவத்தில் முதலாளி என் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். பிரஸ்ஸைச் சரிசெய்யும் ஆணை எழுத்தில் பின்னால் வரும் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போனார்.

சாயங்காலம் பிரமிளாவுக்கு போன் செய்தேன். பதிவேட்டில் ஏறியதைச் சொன்னேன். "அப்ப அது கதவு இல்லீங்களாக்கா" என்றாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

முன்கூட்டியே இறக்கிவைத்திருந்த கிரைண்டர் பெட்டிகள் இன்று டெம்போவில் திரும்பிப் போயின. சாப்பிடுவதை விட்டுவிட்டு எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். மாரக்காள் டெம்போ தெருமுனையில் மறையும் வரை பார்த்துவிட்டு, என்னிடம், "உன்னைய மாவுல போட்டு ஆட்டோணும்" என்றார்.

டிபனைக் கழுவப் போய்விட்டேன். அவர் எதிரில் நிற்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

லைன் லீடர் வேலை போய்விட்டது. காலையில் மேனேஜர் எல்லோர் எதிரிலும் சொன்னார்: "பாதுகாப்பு பாதுகாப்புன்னு குதிச்சியே. இனி நீயே நாலாம் பிரஸ்ஸுல உக்காரு."

"அது இன்னும் ரெண்டு அடி அடிக்குதுங்க சார். சரி பண்ணுங்க, உக்காரறேன்."

"ஆணை வரட்டும். அது வரைக்கும் ஓட்டு. முடியாதுன்னா வீட்டுக்குக் கெளம்பு."

"ரெண்டும் செய்ய மாட்டனுங்க சார்."

"என்னது?"

"உக்காரவும் மாட்டேன். போகவும் மாட்டேன். எனக்குப் போட்ட எடம் இது. இதைச் சரிபண்ண பிட்டரு வர்ற வரைக்கும் இங்கயே நிக்கறேன்."

நின்றேன். எட்டு மணியிலிருந்து. பஸ்ஸில் இடம் கிடைக்காமல் கோவையிலிருந்து சேலம் வரைக்கும் நின்றுகொண்டே போனதில்லையா, அதைப் போலத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பத்து மணிக்கு முழங்கால் வலித்தது. பதினோரு மணிக்கு மேனேஜர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பன்னிரண்டுக்கு முதலாளி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார். பிகாஷ் டீ கொண்டுவந்து கொடுத்தான். ரேணுகா ஒரு முக்காலி கொண்டுவந்தாள், பிரஸ்ஸை விட்டுத் தள்ளி வைத்தாள். அதில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் உட்கார்ந்துவிட்டாள் என்று ஆகிவிடும்.

யாரும் என்னோடு சேர்ந்து நிற்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் பதிலாக அந்த பிரஸ்ஸில் உட்காரச் சொல்லி மேனேஜர் மூன்று பேரிடம் கேட்டார். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு இடுப்பு வலி. மூன்றாவது மாரக்காள். "எனக்குப் பத்து விரலும் பழகிப்போச்சுங்க சார், விட்டுக் குடுக்க மனசு வரல" என்றார்.

நாலரைக்கு ஷிப்ட் முடிந்தது. ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் ஒரு உற்பத்திச் சீட்டு உண்டு. எண்ணிக்கை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். பத்து வருடத்தில் அதில் யாரும் எதுவும் எழுதிப் பார்த்ததில்லை.

எழுதினேன். நாலாம் பிரஸ். எண்ணிக்கை: 0. காரணம்: இரட்டை அடி அடிக்கிறது. சரிசெய்யும் வரை ஓட்டமாட்டோம்.

எழுதி முடித்த பிறகுதான் "மாட்டோம்" என்று எழுதியிருப்பதைக் கவனித்தேன். ஒருத்திதான் நின்றேன். திருத்தலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டேன்.

சீட்டை ஆணியில் குத்தப் போனபோது மாரக்காள் தன் சீட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உம்மேல இருக்குற கோவம் அப்பிடியேதான் இருக்குது. அது வேற. என்ற பிரஸ்ஸுல முன்னால இருக்குற தடுப்புக் கம்பி கழண்டு மூணு மாசமாச்சு. அதுல எழுது."

"நீங்களே எழுதுங்க்கா. உங்க பிரஸ்ஸு."

"என்ற எழுத்து கோழி கிண்டுனாப்பல இருக்கும்."

"இருக்கட்டுமுங்க. படிக்கற பாடு மேனேஜரோடது."

பேனாவை வாங்கிக்கொண்டார். பெஞ்சில் குனிந்து, உதட்டை அசைத்து அசைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பின்னால் பிகாஷ், ரேணுகா, இன்னும் நான்கு பேர் தங்கள் சீட்டோடு காத்திருந்தார்கள். கேட்டுக்கு வெளியே பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. யாரும் ஓடவில்லை. மாரக்காளின் எழுத்து கட்டத்தைத் தாண்டி, கையெழுத்துப் போடும் இடத்தையும் தாண்டி, சீட்டின் பின்பக்கத்துக்குப் போயிருந்தது.